குறி தவறும் குண்டும் குறியை விரிக்கும் அரசுகளும்

போர் மூளும்போதெல்லாம் நம் நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் நாளேடுகளிலும் ஒரு சொல் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. ‘துல்லியம்’ என்பதே அச்சொல். 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலின்போது அது ஒலித்தது. 2025 மே மாதத்தில் இன்னும் உரக்க ஒலித்தது. காஸாவின் மீது விழும் குண்டுகளைப் பற்றிப் பேசும்போதும் இஸ்ரேலிய அரசும் அதன் இந்திய ஆதரவாளர்களும் இதே சொல்லைத்தான் கையாளுகிறார்கள். இச்சொல்லின் மடியில் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது. வான்தாக்குதலில் பொதுமக்கள் மாண்டது பழைய குண்டுகளின் குறைபாட்டால் நேர்ந்தது; அறிவியல் வளர வளர அக்குறைபாடு நீங்கும்; இனி வரும் போர்கள் தூய்மையான போர்களாக இருக்கும் என்பதே அவ்வாதம்.

இவ்வாதம் பொய்யானது. வழிகாட்டும் கருவி ஏதுமின்றி விமானத்திலிருந்து விழும் குண்டு குறி தவறும் என்பதை, அதை வடித்தவர்களும் வீசியவர்களும் தொடக்கம் முதலே அறிந்திருந்தார்கள். அறிந்த பின்னரும் அவர்கள் குண்டைக் கைவிடவில்லை; குண்டு எங்கெல்லாம் விழக்கூடுமோ அந்த இடம் முழுவதையும் பகையிலக்கு என்று அறிவித்தார்கள். குண்டைக் குறிக்கு ஏற்றவாறு திருத்துவதைவிடக் குறியைக் குண்டுக்கு ஏற்றவாறு விரிப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. காலனிய ஆட்சியாளர்கள் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தைச் சுதந்திர இந்தியாவின் அரசும், சிங்களப் பேரினவாத அரசும், இன்று சியோனிச அரசும் அப்படியே பின்பற்றியிருக்கின்றன.

இரும்பும் மருந்தும் வாலும்

விவாதத்தைத் தொடங்குமுன் இந்தக் குண்டு எத்தகையது என்று பார்ப்பது நலம். படையினரின் பேச்சு வழக்கில் ‘முட்டாள் குண்டு’ என்றே பெயர் பெற்ற இந்த ஆயுதத்தின் அமைப்பு மிக எளியது. எஃகு உறை, அதனுள் வெடிமருந்து, உறையின் மூக்கிலோ வாலிலோ வெடிப்பைத் தூண்டும் கருவி, விமானத்தின் வயிற்றிலோ இறக்கையின் அடியிலோ மாட்டுவதற்கான கொக்கிகள், விழும்போது புரளாமல் காக்கும் வால்சிறகுகள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டு, வியட்நாம் மக்கள் மீது கொட்டப்பட்ட ‘மார்க் 80’ வரிசைக் குண்டுகளே இன்றும் உலகின் பல விமானப்படைகளுக்கு முன்மாதிரி. அவ்வரிசையில் சிறியதான ஒன்று 500 பவுண்டு எடையும், பெரியது 2,000 பவுண்டு எடையும் கொண்டவை. பெரியதில் ஏறத்தாழப் பாதி எடை வெடிமருந்து. அம்மருந்தில் பெரும்பாலும் நிரப்பப்படுவது டி.என்.டி.யும் அலுமினியத் தூளும் கலந்த கலவை. வெடித்தால் 15 மீட்டர் அகலமும் 11 மீட்டர் ஆழமும் வரை பள்ளம் விழும். எஃகு உறை நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறும். உறையை அவ்வளவு தடிமனாக வைத்திருப்பதன் நோக்கங்களுள் ஒன்றே இச்சிதறல்தான். சுவரை இடிப்பது வெடிப்பின் வேலை; உடலைக் கிழிப்பது உறையின் வேலை.

இக்குண்டு செங்குத்தாக விழுவதில்லை. விமானத்தின் வேகத்தைச் சுமந்துகொண்டே அது வளைகோட்டில் இறங்குகிறது. 3,000 மீட்டர் உயரத்தில், விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒரு குண்டை விடுவித்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாத நிலையில், அது தரையைத் தொட ஏறத்தாழ 25 விநாடிகள் ஆகும். அதற்குள் அது முன்னோக்கி 5 கிலோமீட்டர் கடந்துவிடும். கேரள எல்லையோரத் தமிழ்க் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இந்தத் தொலைவு எளிதில் விளங்கும். நெய்யாற்றின்கரைக்கு மேலே விடுவிக்கப்பட்ட குண்டு, அமரவிளையைத் தாண்டி, உதியன்குளங்கரையை ஒட்டி விழும். விமானியின் விரல் ஒரே ஒரு விநாடி பிந்தினால் குண்டு 200 மீட்டர் தள்ளி விழும். இடையில் காற்று திசை மாறினால், உயரக் கணக்கில் சிறு பிழை நேர்ந்தால், வால்சிறகு சற்றே வளைந்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும். சாலையின் இப்புறத்துக் கிடங்கைக் குறிவைத்த குண்டு அப்புறத்துப் பள்ளிக்கூடத்தில் விழுவதற்கு யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை, இயற்பியலே போதும்.

ஆயுத வல்லுநர்கள் இதை மறைப்பதுமில்லை. குண்டின் நுட்பத்தை அளக்க அவர்கள் பயன்படுத்தும் அலகே ஒரு வட்டம்தான். வீசப்படும் குண்டுகளில் பாதி எந்த வட்டத்துக்குள் விழுகிறதோ அந்த வட்டத்தின் ஆரத்தைக் குறிப்பிடுவார்கள். மீதிப் பாதி அவ்வட்டத்துக்கு வெளியே விழும் என்பது அந்த அளவின் வரையறையிலேயே அடங்கியிருக்கிறது. வெளியே விழும் அந்தப் பாதி யார் வீட்டின் மேல் விழுகிறது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இன்றைய போர்விமானங்களில் கணினி இருக்கிறது, விடுவிக்கும் கணத்தை அது கணித்துத் தருகிறது, ஆகவே பிழை குறைந்துவிட்டது என்று சிலர் மறுமொழி கூறுவர். பிழை குறைந்திருப்பது உண்மை. ஆனால் கணினியின் பணி குண்டு கொக்கியிலிருந்து கழன்ற கணத்தோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு குண்டைத் திருத்தவோ நிறுத்தவோ எவராலும் இயலாது. இலக்கின் அருகில் ஒரு குழந்தை ஓடிவருவதை விமானி கண்டாலும், கண்டது கண்டதோடு சரி. மேலும், 2,000 பவுண்டுக் குண்டு இலக்கின் நட்டநடுவே விழுந்தாலும் அதன் சிதறல்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் பாய்கின்றன. நெருக்கமாக மக்கள் வாழும் ஊரில் அத்தகைய குண்டைக் குறி பார்த்து வீசுவது என்பதற்கே பொருளில்லை.

காலனியம் பெற்ற பிள்ளை

வான்குண்டு பிறந்ததே அடிமை நாட்டு மக்களின் தலைமேல்தான். 1911 நவம்பர் 1 அன்று இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி, லிபியாவின் திரிப்போலி அருகே தாஜூரா, அயின் ஸாரா ஆகிய பாலைவனச் சோலைகள் மீது கையால் நான்கு சிறு குண்டுகளை வீசினார். விமானத்திலிருந்து நடந்த முதல் குண்டுவீச்சு அதுவே. ஐரோப்பிய வல்லரசு ஒன்று ஆப்பிரிக்க மண்ணைக் கைப்பற்றும் போரில் இது நிகழ்ந்தது தற்செயலன்று.

எட்டாண்டுகள் கழித்து அந்தக் குண்டு நம் துணைக்கண்டத்தின் ஊருக்குள்ளேயே வந்தது. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் மறுநாள், 1919 ஏப்ரல் 14 அன்று, பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் எழுந்த மக்கள் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. கால்சா உயர்நிலைப் பள்ளியின் மாணவர் விடுதியும் தாக்குதலுக்கு உள்ளானது. கேப்டன் கார்பெரி என்ற விமானி எட்டுக் குண்டுகளை வீசியதை ஹண்டர் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். மக்கள் மீண்டும் கூடாதிருக்க வேண்டும், அது அவர்களுடைய நன்மைக்கே என்ற போக்கில் விளக்கமும் அளித்தார். தாழப் பறந்து கூட்டத்தைக் கண்ணால் பார்த்தே அவர் இதைச் செய்தார். ஜாலியன்வாலாபாக் நம் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கிறது. மறுநாளைய குஜ்ரன்வாலாவை எத்தனை பேர் அறிவார்கள்?

பிறகு ஈராக்கிலும் வடமேற்கு எல்லைப் புறத்திலும் ‘வான்வழிக் காவல்’ என்ற பெயரில் கிராமங்களின் மீது குண்டு வீசுவது பிரிட்டிஷ் ஆட்சியின் அன்றாட நிர்வாக முறையாயிற்று. 1925-இல் வசீரிஸ்தானில் தரைப்படையின்றி விமானங்களைக் கொண்டே ஒரு போரை நடத்தி முடித்தனர். காலாட்படையை அனுப்புவதைவிட விமானம் மலிவு என்பதே அவர்கள் கண்ட பெரும் நன்மை. 1930-களில் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் வான்குண்டுவீச்சைத் தடை செய்யும் யோசனை வந்தபோது, தொலைதூரப் பகுதிகளில் காவல் நோக்கத்துக்காகக் குண்டு வீசும் உரிமையை விட்டுத்தர பிரிட்டன் மறுத்தது. லண்டனின் மீது குண்டு விழக்கூடாது; வசீரிஸ்தானின் மீது விழலாம் என்பதே அதன் சாரம். 1937-இல் ஸ்பெயினின் கெர்னிக்காவை நாஜி விமானங்கள் எரித்தபோது அவை புதிய குற்றம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடிமை நாடுகளில் பழகிய குற்றத்தை ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்தன.

குறியை விரிக்கும் கலை முழுக் கோட்பாடாக வடிவெடுத்தது இரண்டாம் உலகப்போரில். 1941 ஆகஸ்டில் பட் என்ற பிரிட்டிஷ் அரசு அலுவலர், குண்டுவீச்சு விமானங்கள் எடுத்த நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தார். இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களில் மூன்றில் ஒன்றே இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் குண்டு வீசியிருந்தது. ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். உதியன்குளங்கரையில் ஒரு கட்டடத்தை மையமாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால், வடக்கே நெய்யாற்றின்கரை நகரமும், தெற்கே பாறசாலையும், எல்லை தாண்டிக் களியக்காவிளைச் சந்தையும் அதற்குள் அடங்கிவிடும். அவ்வளவு பெரிய வட்டத்துக்குள்ளும் மூன்றில் ஒரு விமானம்தான் எட்டிப் பார்த்தது.

நேர்மையான ஓர் அரசு இந்த அறிக்கையைப் படித்து என்ன செய்திருக்க வேண்டும்? சர்ச்சில் அரசு 1942 பிப்ரவரி 14 அன்று புதிய ஆணை பிறப்பித்தது. பகைநாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழில்துறைத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதே இனித் தாக்குதலின் நோக்கம் என்றது அவ்வாணை. அடுத்த மாதமே அரசின் அறிவியல் ஆலோசகர் செர்வெல், மக்களை வீடற்றவர்களாக்கும் திட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தொழிற்சாலையைத் தாக்க முடியாத குண்டு, தொழிலாளியின் குடியிருப்பைத் தாக்கப் போதுமானதாக இருந்தது. ஹாம்பர்க் எரிந்தது. 1945 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் அதே கோட்பாட்டைக் கையாண்டபோது டோக்கியோவில் ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். பாசிசத்தை முறியடித்த போர் நியாயமான போர் என்பதில் இடதுசாரிகளுக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் போரின் நிழலில் ஏகாதிபத்தியம் வளர்த்தெடுத்த இக்கோட்பாடு, போர் முடிந்தவுடன் கொரியாவின் மீதும் வியட்நாமின் மீதும் திரும்பியது. 1964 முதல் 1973 வரை லாவோஸ் என்ற சிறு நாட்டின் மீது மட்டும் 20 லட்சம் டன்னுக்கு மேல் அமெரிக்கா குண்டு பொழிந்தது. வெடிக்காமல் கிடக்கும் அதன் மிச்சங்களை அங்குள்ள உழவர்கள் இன்றும் கொழுமுனையில் சந்திக்கிறார்கள்.

அய்சாலுக்கு இன்னும் பதிலில்லை

இந்தியக் குடியரசு இக்கோட்பாட்டுக்கு வெளியே நின்றது என்று நம்புவோர் 1966 மார்ச் 5-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மிசோ தேசிய முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கிய சில நாட்களில், அன்று அசாமின் ஒரு பகுதியாக இருந்த மிசோ மலைமாவட்டத்தின் தலைநகர் அய்சால் மீது இந்திய விமானப்படையின் தூஃபானி, ஹண்டர் வகைப் போர்விமானங்கள் பாய்ந்தன. இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதோடு நில்லாமல் தீக்குண்டுகளையும் வீசின. தாவ்ர்புய் உள்ளிட்ட குடியிருப்புகள் எரிந்து சாம்பலாயின. மக்கள் காடுகளுக்கும் மலைச்சரிவுகளுக்கும் ஓடியதால் உயிரிழப்பு ஓரளவோடு நின்றது. தன் சொந்தக் குடிமக்கள் வாழும் நகரத்தின் மீதே தன் விமானப்படையை இந்திய அரசு ஏவிய நிகழ்ச்சி அது.

கிளர்ச்சியாளர்கள் நகரின் சில இடங்களில் இருந்தனர். நகரம் முழுவதும் இலக்காயிற்று. அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, விமானங்கள் ஆட்களையும் பொருட்களையும் இறக்கவே அனுப்பப்பட்டன என்று விளக்கம் கூறினார். அரிசி மூட்டையா எரிந்தது என்ற கேள்வியை மிசோ மக்கள் இன்றும் எழுப்புகிறார்கள். மார்ச் 5-ஐ ‘ஸோரம் நி’ என்று நினைவுகூர்கிறார்கள். குண்டுவீச்சைத் தொடர்ந்து, கிராமங்களை அப்புறப்படுத்தி மக்களைக் காவலுக்குட்பட்ட குடியிருப்புகளில் அடைக்கும் திட்டம் வந்தது. மலேயாவில் பிரிட்டிஷாரும் வியட்நாமில் அமெரிக்கரும் செய்தது அதுவே.

2023 ஆகஸ்டு 10 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் பிரதமர் மோடி திடீரென அய்சாலை நினைவுகூர்ந்தார். மணிப்பூர் எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மணிப்பூரைப் பற்றிய கேள்விக்கு விடையளிக்க இயலாதவர், காங்கிரசை அடிக்க மிசோ மக்களின் சாம்பலைக் கையில் எடுத்தார். குண்டு வீசியது காங்கிரஸ் கட்சியின் விமானப்படையன்று. இந்திய அரசின் விமானப்படை. அந்த அரசின் தலைமையில் இன்று இருப்பவர் அவர். உண்மையில் வருந்தியிருந்தால் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், ஆவணங்களை வெளியிட்டிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. ஒரு கட்சி மறைத்தது. மற்றொரு கட்சி விற்றது. அய்சால் மட்டும் பதிலின்றி நிற்கிறது.

பொறுப்பேற்பு என்ற கேள்வியில்தான் வான்குண்டின் தனித்தன்மை வெளிப்படுகிறது. 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் திருவிதாங்கூர் சமஸ்தானப் படை மக்கள் மீது துப்பாக்கியால் சுட்டது. வீரராகவன் உள்ளிட்ட தியாகிகள் உயிர்நீத்தனர். சுட்டவர்கள் யார், யாருடைய ஆட்சி, திவான் யார் என்பதெல்லாம் அவ்வட்டார மக்களின் நினைவில் பதிந்து கிடக்கின்றன. சுடுபவனும் சுடப்படுபவனும் ஒரே தரையில் நிற்கும்போது குற்றத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. மேகத்துக்கு மேலிருந்து விழும் குண்டுக்கு முகமில்லை. வீசியவர் தன் செயலின் விளைவைக் காண்பதில்லை. மாண்டவரின் உறவினர் வீசியவரின் பெயரை அறிவதில்லை. ஆளும் வர்க்கங்கள் வானத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈழத்தின் படிப்பினை

வான்குண்டின் கொடுமையைத் தமிழ் பேசும் மக்கள் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. 1990-இல் யாழ்ப்பாணத்தின் மீது இலங்கை விமானப்படை வீசியவை ஆயுதத் தொழிற்சாலையில் வடித்த குண்டுகள் மட்டுமல்ல. பீப்பாய்களில் வெடிமருந்தும் எரிபொருளும் அடைத்து, சரக்கு விமானங்களிலிருந்து உருட்டிவிட்டார்கள். மெதுவாக ஊர்ந்து வரும் அவ்விமானத்துக்கு மக்கள் ‘சகடை’ என்று பெயரிட்டார்கள். வால்சிறகு கூட இல்லாத பீப்பாய்க்கு எந்தக் குறி? நகரமே அதன் குறி. பின்னாளில் சிரியாவில் பீப்பாய்க் குண்டு விழுந்தபோது உலகம் அதைப் புதுமையாகக் கண்டு திடுக்கிட்டது. யாழ்ப்பாணத்துப் பதுங்குகுழிகளில் வளர்ந்த தலைமுறைக்கு அதில் புதுமை ஏதுமில்லை.

1995 ஜூலை 9 அன்று, சமாதானம் கொணர்வதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்த சந்திரிகா குமாரதுங்கவின் அரசு யாழ்ப்பாணத்தில் படைநடவடிக்கை தொடங்கியபோது, மக்கள் நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சம் புகுந்தனர். வழிபாட்டு இடங்களில் தங்குமாறு அரசே அவர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. அங்கேயே குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது விழுந்த குண்டுகள் இருபதுக்கு மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளைக் கொன்றன. 2006 ஆகஸ்டு 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது கிபிர் விமானங்கள் குண்டு பொழிந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவிகள் உயிரிழந்தனர் என்பதே பரவலாகக் கூறப்படும் கணக்கு. அவர்கள் பயிற்சி பெறும் போராளிகள், வயது ஒரு பொருட்டன்று என்றது இலங்கை அரசு. இங்கே குறி விரிக்கப்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். முதலில் நகரம் இலக்காயிற்று. பிறகு தஞ்சமடைந்தவர் கூடிய ஆலயம். இறுதியில் பதினெட்டு வயது நிரம்பாத பெண்பிள்ளைகளே இலக்கு என்று வெளிப்படையாக நியாயப்படுத்தும் துணிவு வந்துவிட்டது.

பின்னாளில் விடுதலைப்புலிகள் சிறு விமானங்களில் குண்டு பொருத்திக் கொழும்பு வரை வந்து வீசியபோதும் அதே அளவுகோல்தான் பொருந்தும். ஒடுக்கப்பட்டவர் கையில் இருப்பதால் குருட்டுக் குண்டுக்குக் கண் முளைத்துவிடாது. இதைச் சொல்லத் தயங்கும் எவருக்கும் நவாலியைப் பற்றிப் பேசும் தகுதி குறைந்துவிடுகிறது.

முன்கூட்டியே எச்சரித்தோம், துண்டறிக்கை வீசினோம், ஆகவே எங்கள் கை தூயது என்பது இன்றைய அரசுகளின் வழக்கமான வாதம். தமிழ் மேடைகளில் இதற்கு இணையாக ஓர் இலக்கியப் பெருமிதம் உலவுகிறது. அம்பு விடுமுன் பசுக்களையும் பெண்களையும் பிணியாளரையும் அரண் தேடிக்கொள்ளச் சொன்னவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டைத் தமிழர் போரறத்தின் சான்றாகக் காட்டுவார்கள். அதே புலவர் அதே அரசனைப் பாடிய பதினைந்தாம் பாட்டை அவர்கள் புரட்டுவதில்லை. பகைவர் நாட்டில் கழுதைகளை ஏரில் பூட்டி உழுது பாழாக்கியதை அங்கே அவர் புகழாகப் பாடுகிறார். எச்சரிக்கையும் அழிப்பும் ஒரே அரசனின் இரு கைகள். போக இடமில்லாத மக்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை, கொலைக்கு முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரமே. நவாலியில் அறிவுரை கேட்டுப் போனவர்களே மாண்டார்கள். காஸாவில் தெற்கே போகச் சொன்ன இடத்திலேயே குண்டு விழுந்தது.

செஞ்சோலையின் மீது பறந்த கிபிர் விமானம் இஸ்ரேலில் செய்யப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டே, இஸ்ரேலைப் போல் ஒரு தேசம் அமைய வேண்டும் என்று கனவு காணும் தமிழ்க் குரல்கள் இன்றும் உண்டு. நவாலிக்காகக் கண்ணீர் விட்டு, காஸாவுக்காக வாய் மூடியிருப்பவர்கள் நவாலியையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

வால் மாறியது, வயிறு மாறவில்லை

இனி ‘புத்திசாலிக் குண்டு’ என்ற வாதத்துக்கு வருவோம். 1991 வளைகுடாப் போரில் கதவு வழியே, புகைபோக்கி வழியே குண்டு நுழைவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அப்போரில் வீசப்பட்ட குண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை பழைய குருட்டுக் குண்டுகளே. புத்திசாலிக் குண்டு படம் எடுக்க. முட்டாள் குண்டு போர் நடத்த. அந்தப் புத்திசாலிக் குண்டாவது மக்களைக் காத்ததா? 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமீரியா பதுங்குமிடத்தின் மீது லேசர் வழிகாட்டிய இரு குண்டுகள் சற்றும் தவறாமல் விழுந்து 400-க்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றன. 1999 மே மாதம் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மீது விழுந்த அமெரிக்கக் குண்டுகளும் வழிகாட்டப்பட்டவையே. இடத்தைத் தவறாகக் குறித்துவிட்டோம் என்றது அமெரிக்கா. துல்லியம் என்பது குண்டு எங்கே போக வேண்டும் என்று சொல்லப்பட்டதோ அங்கே போவது. எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது குண்டன்று.

இன்னொரு செய்தியையும் தோழர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இன்று ‘துல்லியக் குண்டு’ என்று விற்கப்படுபவற்றில் பல, அதே பழைய இரும்புக் குண்டுகள்தாம். அமெரிக்காவின் ஜேடாம், பாலாகோட்டில் பயன்பட்ட இஸ்ரேலின் ஸ்பைஸ் ஆகிய இரண்டும் குருட்டுக் குண்டின் மீது மாட்டும் கருவித் தொகுதிகளே. வால் மாறியிருக்கிறது, வயிற்றில் இருக்கும் வெடிமருந்தும் சிதறும் உறையும் மாறவில்லை. அந்தக் கருவிக்கும் கூடுதல் செலவாகிறது என்பதால், எதிர்த்துச் சுட விமான எதிர்ப்பு ஆயுதம் இல்லாத மக்கள் மீது வீசும்போது அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

காஸா இதற்குச் சான்று. 2023 அக்டோபரில் போரின் முதல் ஆறு நாட்களில் 6,000 குண்டுகள் வீசியதாக இஸ்ரேலிய விமானப்படையே பெருமையோடு அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பர் நடுப்பகுதி வரை அது வீசிய சுமார் 29,000 வான்குண்டுகளில் 40 முதல் 45 விழுக்காடு வழிகாட்டப்படாதவை என்று அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்டதாகச் செய்தி வெளியாயிற்று. உலகிலேயே மிக நவீனமான விமானப்படைகளில் ஒன்று, உலகிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நிலப்பரப்புகளில் ஒன்றின் மீது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி குருட்டுக் குண்டுகளை வீசியிருக்கிறது. வேறு குண்டு இல்லாததால் அன்று. அங்குள்ள உயிருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்று தீர்மானித்ததால். 2,000 பவுண்டுக் குண்டுகளின் ஒரு தொகுதியை 2024 மே மாதத்தில் நிறுத்திவைத்த அமெரிக்கா, 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றவுடன் அதையும் விடுவித்துவிட்டது.

இந்தியா எங்கே நிற்கிறது?

1949 ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை, பாகுபாடற்ற தாக்குதலைத் தடை செய்கிறது. ஒரு நகரில் தனித்தனியே அமைந்த பல இராணுவ இலக்குகளை ஒரே இலக்காகக் கருதிக் குண்டு வீசுவது குற்றம் என்று அதன் 51-ஆம் பிரிவு குறிப்பாகவே கூறுகிறது. குறியை விரிக்கும் கலைக்குச் சட்டம் வைத்த பெயர் அது. இந்நெறிமுறையில் அமெரிக்காவும் இஸ்ரேலும் இலங்கையும் இணையவில்லை. இந்தியாவும் இணையவில்லை. கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் 2008-ஆம் ஆண்டு உடன்பாட்டில் 2018-இல் இலங்கை கூட இணைந்துவிட்டது, இந்தியா இணையவில்லை. ஊர்ப்பகுதிகளில் வெடிகுண்டு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் 2022 டப்ளின் அரசியல் பிரகடனத்திலும் இந்தியாவின் பெயர் இல்லை.

காஸாவில் போர்நிறுத்தம் கோரிய ஐ.நா. பொதுப்பேரவைத் தீர்மானத்தில் 2023 அக்டோபரிலும், மீண்டும் 2025 ஜூனிலும் மோடி அரசு வாக்களிக்காமல் ஒதுங்கியது. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்தக் கோரிய 2024 ஏப்ரல் மனித உரிமை மன்றத் தீர்மானத்திலும் ஒதுங்கியது. ஒதுங்கியதன் பொருள் நடுநிலையன்று. 2021 அக்டோபரில் தொழிலாளர்களின் கடும் எதிர்ப்பை மீறி 41 படைத்தளவாட ஆலைகள் ஏழு நிறுவனங்களாக உடைக்கப்பட்டன. நீலகிரியின் அருவங்காடு ஆலை, முனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. நாட்டின் பாதுகாப்புக்காக எழுப்பப்பட்ட ஆலைகள் இனி ஏற்றுமதி வருவாயை நோக்கி ஓட வேண்டும். அந்நிறுவனமும், ஹைதராபாதின் பிரீமியர் எக்ஸ்புளோசிவ்ஸும், அதானி-எல்பிட் கூட்டு நிறுவனமும் இஸ்ரேலுக்கு அனுப்பும் தளவாடங்களைத் தடுக்கக் கோரிய மனுவை, வெளியுறவுக் கொள்கையில் தலையிட இயலாது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

நீதிமன்றம் கைகழுவிய அப்பொறுப்பைத் தொழிலாளி வர்க்கம் முன்பே தோளில் ஏற்றியிருந்தது. 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குச் செல்லும் ஆயுதச் சரக்கை எங்கள் உறுப்பினர்கள் ஏற்றவோ இறக்கவோ மாட்டார்கள் என்று அறிவித்தது. பெருந்துறைமுகங்களில் வியர்வை சிந்தும் அத்தொழிலாளர்களுக்கு வெளியுறவுக் கொள்கை புரியாது என்று எள்ளியவர்கள் உண்டு. மற்றெவரையும்விட அவர்களுக்கே அது நன்றாகப் புரிந்திருந்தது. குண்டு வானத்தில் பிறப்பதில்லை. தொழிற்சாலையில் செய்யப்பட்டு, தொழிலாளியின் கைகளால் ஏற்றப்பட்டே விமானத்தை அடைகிறது. அந்தக் கைகள் மறுக்கலாம்.

அப்படியானால் நாட்டுப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். தன் எல்லையைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அந்த உரிமையின் பெயரால் அய்சாலைப் போன்ற ஒரு நகரத்தை எரிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. காக்கப்பட வேண்டியவர்கள் மக்கள் என்றால், அவர்களையே இலக்காக விரிக்கும் ஆயுதக் கொள்கை பாதுகாப்பு ஆகாது.

ஆகவே இடதுசாரி இயக்கத்தின் கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். 1966 அய்சால் குண்டுவீச்சுக்கு இந்திய அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரி, அதன் ஆவணங்களை வெளியிட வேண்டும். முதல் கூடுதல் நெறிமுறையிலும் கொத்துக்குண்டுத் தடை உடன்பாட்டிலும் இந்தியா இணைய வேண்டும். மக்கள் வாழும் பகுதிகளில் வழிகாட்டியற்ற வான்குண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்று சட்டப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். இஸ்ரேலுடனான ஆயுத வணிகம் முற்றாக நிறுத்தப்பட வேண்டும். நவாலிக்கும் செஞ்சோலைக்கும் நீதி கோரும் தமிழ் மக்களின் குரல் காஸாவுக்கும் அதே வலுவோடு ஒலிக்க வேண்டும்.

இவற்றைக் கிளைக் கூட்டங்களிலும் தெருமுனைகளிலும் எடுத்துரைக்கும்போது ‘துல்லியம்’ என்ற சொல் நிச்சயம் எதிர்ப்படும். அப்போது தோழர்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குண்டு குறி தவறியதா, அல்லது நீங்கள் குறித்ததே அந்த மக்களைத்தானா?